எத்தாளை வெயிலும் புகை படிந்த கண்ணாடியும்

கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கரையில், எத்தாளையை ஒட்டிய ஆலங்குடாக் கடற்கரைக்கு டொல்பின் பார்க்க வருகிறவர்களோடு இப்போது கலியாணச் சோடிகளும் வருகிறார்கள். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை கடல் அடங்கிக் கிடக்கும். மேற்கே தடையில்லாமல் இறங்கும் சூரியன், வெளிர் மணல், பின்னால் தென்னை. படம் பிடிப்பவர்களுக்கு வேறென்ன வேண்டும்? அவர்களுடைய பைகளில் சில வருடங்களாக ஒரு சாமான் தவறாமல் இருக்கிறது. லென்சின் முன்னால் திருகிப் பூட்டும் வட்டக் கண்ணாடி. வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தால் அதில் மெல்லிய புகை படிந்ததுபோல் இருக்கும். 'மிஸ்ட் ஃபில்டர்' என்று கேட்டால் கமராக் கடையில் எடுத்துக் கொடுப்பார்கள். 1/8, 1/4, 1/2, 1 என்று வீரியம் கூடிக்கொண்டே போகும்; விலையும் சும்மா இல்லை.

இதைப் போட்டால் முகம் மென்மையாக வரும் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். பாதி உண்மை. அந்தக் கண்ணாடிக்கு முகம் எது, கடல் எது என்று தெரியாது. படச்சட்டத்துக்குள் எது மிகப் பிரகாசமாக இருக்கிறதோ அதிலிருந்து கொஞ்சம் ஒளியை எடுத்துச் சுற்றுப்புறத்துக்குப் பங்கிடும். அதன் வேலை அவ்வளவுதான். ஆகவே படம் எப்படி வரும் என்பதை முடிவு செய்வது மணமகளின் முகத்தைவிட அவளுக்குப் பின்னால் மின்னும் தண்ணீர்தான். எத்தாளை போன்ற வெயில் கொட்டும் கரையில் இதைத் தெரியாமல் ஃபில்டர் போட்டவர்கள், வீட்டுக்குப் போய்க் கணினியில் பார்க்கும்போது சாம்பல் பூசிய படங்களோடு முழிக்கிறார்கள்.

கண்ணாடிக்குள் என்ன இருக்கிறது? கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத அளவுக்குச் சிறிய துகள்கள், ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டுத் தூவப்பட்டிருக்கின்றன. வரும் ஒளியில் பெரும்பகுதி அந்த இடைவெளிகளின் வழியே ஒன்றும் நேராததுபோல் நேராகப் போய்விடும். அந்தப் பங்குதான் கூர்மையான பிம்பத்தைத் தருகிறது. துகள்களில் பட்ட மிச்சப் பங்கு சற்றே திசை மாறிப் பக்கத்தில் போய் விழும். கூர்மையான பிம்பத்தின் மேல் மங்கலான இன்னொரு பிம்பம் மெல்லிதாகப் படிகிறது. குவியம் தவறிய படத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். குவியம் தவறினால் எல்லா ஒளியும் பரவி இமைமயிர் காணாமல் போய்விடும். இங்கே இமைமயிர் அப்படியே இருக்கும். அதற்கும் கன்னத்துக்கும் இடையிலான மாறுபாடு மட்டும் ஒரு பிடி தளரும்.

தோலின் துளைகள், பருத்தழும்பு, மெல்லிய சுருக்கம் எல்லாம் பக்கத்துத் தோலோடு ஒப்பிட்டால் சிறிதளவே கறுப்பான அல்லது வெளுப்பான நுண்கோடுகள். மாறுபாடு சிறிது குறைந்தாலே அவை அமுங்கிவிடும். கண், புருவம், உதட்டின் ஓரம் இவற்றுக்கு மாறுபாடு நிறைய இருப்பதால் கொஞ்சம் இழந்தாலும் நஷ்டமில்லை. முகம் இளகித் தெரிவதன் இரகசியம் இதுதான்.

வியர்வையால் மினுங்கும் நெற்றி, நீரில் தெறிக்கும் சூரியன், மின்குமிழ் இவற்றின் கதை வேறு. சூரியன் உச்சியில் நிற்கும்போது கடல்நீர் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 2 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்புகிறது. ஆனால் அந்த 2 சதவீதம் சூரிய வட்டத்தின் பிரகாசத்தில் 2 சதவீதம். வெயில் பட்ட தோலோடு ஒப்பிட்டால் அது சில ஆயிரம் மடங்கு. அதில் நூறில் ஒரு பங்கு பக்கத்தில் சிந்தினாலே முகத்தின் ஒளியை மிஞ்சிவிடும். அலைமேல் ஒவ்வொரு மினுக்கைச் சுற்றியும் ஒளிவட்டம் பூப்பது இதனால்தான்.

இதையே பிறகு கணினியில் செய்துகொள்ளலாமே என்று கேட்பார்கள். ஓரளவுக்குத்தான் முடியும். கமராவின் உணரி, தோலைச் சரியாகப் பதிய வைத்த நிலையில், அதைவிட எட்டு அல்லது பதினாறு மடங்கு பிரகாசம் வரைதான் கணக்கு வைத்திருக்கும். அதற்கு மேல் போனால் எல்லாம் ஒரே வெள்ளை. வெள்ளைச் சட்டையின் மடிப்பும் கடலில் தெறித்த சூரியனும் கோப்பில் ஒரே எண்ணாகப் பதிந்துவிடும். பின்னால் உட்கார்ந்து ஒளிவட்டம் போடும் மென்பொருளுக்கு எது பதினாறு மடங்கு, எது ஐயாயிரம் மடங்கு என்று தெரிய வழியில்லை. இரண்டுக்கும் ஒரே அளவு வட்டம் போடும். ஃபில்டரோ உணரிக்கு முன்னால் நிற்கிறது, வெட்டுப்படாத முழு ஒளியையும் பங்கிடுகிறது. வீடியோவில் இன்னொரு காரணமும் உண்டு. நொடிக்கு 25 சட்டம் என்றால் ஒரு நிமிடத்துக்கு 1,500 படங்கள். ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து தோலைத் தேய்க்க எந்த ஸ்டூடியோக்காரருக்கும் பொறுமை கிடையாது. கருவியை நம்பி விட்டால், முகம் திரும்பும்போதெல்லாம் மெழுகுப் பொம்மை எட்டிப் பார்க்கும்.

மென்மையான முக உருவப்படத்தின் வரலாற்றில் இலங்கைக்கும் ஓர் இடம் உண்டு. கோல்புறூக்–கமரன் சீர்திருத்தம், 1833 என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்திருப்போம். அந்தச் சார்ல்ஸ் ஹே கமரனின் மனைவிதான் ஜூலியா மார்கரெட் கமரன். கல்கத்தாவில் 1815இல் பிறந்தவர். இங்கிலாந்தில் இருந்தபோது, 48 வயதில், மகளும் மருமகனும் வாங்கிக் கொடுத்த கமராவோடு தொடங்கினார். டென்னிசனையும் டார்வினையும் ஹெர்ஷலையும் அவர் எடுத்த படங்கள் இன்று உலகப் புகழ் பெற்றவை. அன்றைக்கோ குவியம் வைக்கத் தெரியாதவர் என்று புகைப்படச் சங்கத்தார் கேலி செய்தார்கள். 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்து குடியேறினார். களுத்துறை வீட்டில் ஓவியர் மரியான் நோர்த்தை 1877இல் படமெடுத்தார். உள்ளூர் மக்களையும் தோட்டத் தொழிலாளர்களையும் எடுத்தார். இலங்கைக் காலப் படங்களில் எஞ்சியவை மிகச் சிலவே. 1879 ஜனவரியில் மறைந்தார். கல்லறை பொகவந்தலாவையில் இருக்கிறது.

அவர் கண்ணாடி ஃபில்டர் எதையும் பயன்படுத்தியதாகச் சொல்ல முடியாது. அவருக்குக் கிடைத்த மென்மை வேறு வழிகளில் வந்தது. பெரிய தட்டு, நீண்ட குவியத்தூர லென்ஸ். ஆகவே மூக்கு தெளிந்தால் காது மங்கும். ஈரக் கொலோடியன் தட்டுக்கு நீல ஒளி மட்டுமே தெரியும். கண்ணால் பார்த்துக் குவியம் வைத்த இடமும் நீல ஒளி குவியும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அத்தோடு சில நிமிடங்கள் அசையாமல் உட்கார வேண்டும். மூச்சு விட்டாலே படம் கலங்கும். அவர் அந்தக் கலக்கத்தைப் பிழை என்று ஒதுக்காமல், பிடித்த இடத்தில் நிறுத்தினார் என்பதுதான் செய்தி. அதே காலத்தில், 1866இல், லண்டன் லென்ஸ் வல்லுநர் டால்மேயர் பின்பக்க வில்லையைச் சற்றே திருகித் தளர்த்தினால் படம் மென்மையாகும் முக உருவப்பட லென்ஸ் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். வில்லையின் ஓரத்தின் வழியே வரும் ஒளியும் நடுவின் வழியே வரும் ஒளியும் வேறு வேறு இடத்தில் குவியும் கோளப் பிறழ்ச்சியை வேண்டுமென்றே கூட்டுகிற ஏற்பாடு அது. கூர்மையான பிம்பம், அதன் மேல் மங்கல் பிம்பம் என்ற இன்றைய ஃபில்டரின் சூத்திரம் அதிலேயே வந்துவிட்டது.

பிறகு சினிமா வந்தது. லென்சின் முன்னால் சல்லாத்துணி கட்டினார்கள், கண்ணாடியில் வாசலின் தடவினார்கள், கறுப்புப் பட்டுக் காலுறையை லென்சின் பின்பக்கத்தில் இழுத்து ஒட்டினார்கள். பழைய படங்களில் கதாநாயகனைக் காட்டும்போது தெளிவாக இருக்கும் படம், கதாநாயகியின் கிட்டக்காட்சிக்கு வந்ததும் பனிக்குள் போய்விடுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். வலைத்துணி என்றால் இழைகளின் ஒழுங்கு காரணமாக விளக்கைச் சுற்றி நட்சத்திரக் கால்கள் முளைக்கும். வாசலின் என்றால் தடவிய திசைக்குச் செங்குத்தாக ஒளி கோடிழுக்கும். இதை வீட்டிலேயே பார்க்கலாம். நெற்றியைத் தொட்ட விரலால் கைபேசியின் லென்சை மேலிருந்து கீழாக ஒரு தரம் இழுத்துவிட்டுத் தெருவிளக்கைப் படம் எடுங்கள்: கோடு இடமிருந்து வலமாக ஓடும். குறுக்காகத் தேய்த்தால் கோடு செங்குத்தாக நிற்கும். எண்ணெய் விட்டுச் சென்ற நுண்ணிய வரிகள்தான் ஒளியை அப்படி வளைக்கின்றன.

ஜெர்மனியின் சைஸ் நிறுவனம் ஹசல்பிளாட் கமராக்களுக்காகச் செய்த சொஃப்டாரில் துகளுக்குப் பதிலாக ஃபில்டரின் மேலேயே சின்னஞ்சிறு வில்லைப் புடைப்புகள். அமெரிக்காவின் டிஃபென் நிறுவனத்தின் புரோ-மிஸ்ட் வகைதான் இன்று சந்தையில் பெயர் எடுத்தது. அதிலும் கறுப்புத் துகள் கலந்த 'பிளாக்' வகை. பல நிறுவனங்கள் அதையே பின்பற்றிச் செய்கின்றன.

வெள்ளைத் துகளும் கறுப்புத் துகளும் ஒரே வேலையைச் செய்வதில்லை. ஒளி புகும் வெள்ளைத் துகள், தன்மேல் பட்டதை நாலா பக்கமும் எறியும். அதில் ஒரு பகுதி படத்தின் மறுகோடி வரை போய், இருண்ட இடங்கள் எல்லாவற்றிலும் மெல்லிய வெளுப்பாகப் படியும். கறுப்புத் துகள் தன்மேல் நேராக விழுந்ததை விழுங்கிவிடும். விளிம்பை உரசிப் போகும் ஒளி மட்டும் சிறிய கோணத்தில் வளையும். ஆகவே பிரகாசத்தைச் சுற்றி வட்டம் வரும், கறுப்பு ஓரளவு கறுப்பாகவே இருக்கும். எத்தாளைக் கரையில் இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் கறுப்பு வகையை வாங்குங்கள் என்பேன். காரணம் நம் தலைமுடியும் தோலும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பின்னால் வானும் கடலும் 100 அலகு பிரகாசம். அதற்கு முன்னால் முதுகுக்கு வெயில் வாங்கி நிற்கும் பெண்ணின் கூந்தல் 3, மாநிற முகம் 12, வெள்ளை உடை 60. ஃபில்டர் பின்புலத்திலிருந்து 3 அலகை எடுத்துச் சட்டம் முழுவதும் தூவுகிறது என்று வையுங்கள். உடை 63 ஆகும்; யாருக்கும் தெரியாது. முகம் 15 ஆகும். கால் பங்கு வெளுப்பு. கூந்தல் 6 ஆகும், இரண்டு மடங்கு. கரிய கூந்தல் சாம்பலாகிவிட்டது. வெளிர் தோலும் பொன்னிற முடியும் கொண்ட ஒருவர் அதே இடத்தில் நின்றிருந்தால் இவ்வளவு தெரியாது. வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து 1/2 வாங்கி வருகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. இங்கே பின்வெயிலுக்கு 1/8 போதும், மிஞ்சிப் போனால் 1/4. முகம் வெளுத்தது நல்லதுதானே என்று சிரிக்கிற ஸ்டூடியோக்காரர்களும் உண்டு. மணமக்களைக் கேட்காமலே நிறத்தைக் கூட்டிக் கொடுக்கும் அந்தப் பழக்கம் ஒழிந்தால் நல்லது.

லென்சின் குவியத்தூரமும் கணக்கில் வர வேண்டும். துகளின் அளவுக்கும் ஒளி வளையும் கோணத்துக்கும் எதிர்விகிதம்: துகள் சிறுத்தால் கோணம் பெருகும். 20 மைக்ரோமீட்டர் துகள் என்று வைத்தால், பச்சை ஒளி பரவும் கோணம் ஏறக்குறைய 2 பாகை. இந்தக் கோணம் ஃபில்டரின் சொத்து. எந்த லென்சில் பூட்டினாலும் மாறாது. ஆனால் உணரியில் அது எவ்வளவு இடம் பிடிக்கும் என்பதை லென்ஸ்தான் தீர்மானிக்கிறது. 24 மி.மீ. லென்சில் 0.8 மி.மீ.; 85 மி.மீ. லென்சில் கிட்டத்தட்ட 3 மி.மீ. முழுச்சட்ட உணரியின் அகலமோ 36 மி.மீ.தான். அகலக் காட்சிக்கு எடுத்த அதே 1/4 ஃபில்டரை முகத்துக்கான லென்சில் மாட்டினால் இரட்டிப்பு வீரியம் போலத் தெரிவது இதனால். அனுபவப்பட்ட ஒளிப்பதிவாளர்கள் லென்ஸ் நீளும்போது ஃபில்டரை ஒரு படி குறைப்பார்கள். அகல லென்சில் துவாரத்தைச் சுருக்கினால் வேறொரு தொல்லை. 24 மி.மீ. லென்சை f/16இல் வைத்தால் ஒளி நுழையும் வாசல் ஒன்றரை மி.மீ.தான். அதற்குள் அடங்கும் துகள்கள் சொற்பம். சூரியனை நோக்கித் திருப்பினால் அவை புள்ளி புள்ளியாகப் படத்திலேயே தெரியத் தொடங்கும்.

இத்தனைக்கும் பிறகு ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். லென்சுக்கு முன்னால் போடும் கண்ணாடி நிழலை மென்மையாக்காது. எத்தாளை நிலநடுக்கோட்டுக்கு 8 பாகை வடக்கே இருக்கிறது. ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் ஆகஸ்ட் முடிவிலும் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். புருவத்துக்குக் கீழே இரண்டு கறுப்புக் குழி, மூக்கின் நிழல் உதட்டின் மேல். எந்த மிஸ்ட் ஃபில்டரும் அந்தக் குழியை நிரப்பாது. விளிம்பைக் கொஞ்சம் குழைக்கும், அவ்வளவே. நிழல் மென்மையாவது ஒளிமூலம் அகலமாகும்போதுதான். சூரியன் வானத்தில் அரைப் பாகை அகலம். தலைக்கு மேல் இரண்டு மீற்றர் தூரத்தில் இரண்டு மீற்றர் அகல வெள்ளை வேட்டியை இருவர் விரித்துப் பிடித்தால், முகத்துக்கு ஒளி வரும் மூலம் 50 பாகைக்கு மேல் அகலமாகிவிடும். ஃபில்டர் விலையில் எத்தனை வேட்டி வாங்கலாம்!

மிஸ்ட் என்று பெயர் வைத்திருந்தாலும் இது மூடுபனியைப் போல நடந்துகொள்ளாது. மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திரா எடுத்த 'மூன்றாம் பிறை' (1982) ஒளிப்பதிவுக்காகத் தேசிய விருது பெற்ற படம். அதில் ஊட்டிப் பக்கத்து மலைப்பனி தூரத்தை அளந்து காட்டுகிறது: பக்கத்தில் நிற்பவர் தெளிவு, பத்தடி தள்ளி மங்கல், அதற்கு அப்பால் மரத்தின் சாயல். ஃபில்டருக்குத் தூரம் தெரியாது. பக்கத்து விளக்கையும் தொலைவுக் கடலையும் பிரகாசத்தை வைத்தே எடைபோடும்.

மேல்காற்று அடிக்கும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில் கற்பிட்டிக் கரையில் உண்மையான மூட்டம் ஒன்று இருக்கிறது. உடையும் அலையில் கோடிக்கணக்கான குமிழிகள். ஒவ்வொன்றும் வெடிக்கும்போது உப்புநீரின் நுண்துளிகளை மேலே எறியும். துளி உலர்ந்தால் சில மைக்ரோமீட்டர் அளவுள்ள உப்புத் துகள். காற்றில் இது மிதந்தால் அடிவானம் வெளுக்கும். லென்சில் ஒட்டினால் காசு கொடுக்காத ஒரு மிஸ்ட் ஃபில்டர் கிடைத்துவிடும், அதுவும் வெள்ளை வகை, வீரியம் எண் போடாதது. இன்னொரு வேடிக்கை: உப்புக்குத் தண்ணீர் இழுக்கும் குணம். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உலர் உப்புத் துகள் ஈரத்தை உறிஞ்சித் துளியாக மாறிவிடும். காலையிலும் இரவிலும் கடற்கரையில் ஈரப்பதம் இந்த எல்லையைச் சாதாரணமாகத் தாண்டும். அதிகாலையில் லென்ஸ் மேல் நுண்துளிகளாக இருந்த அதே உப்பு, உச்சி வெயிலில் படிகமாக உலர்ந்து வேறு விதமாக ஒளியைச் சிதறடிக்கும். காலையில் எடுத்த காட்சியும் நண்பகலில் எடுத்த காட்சியும் ஒரே ஃபில்டரில் எடுத்திருந்தாலும் வீடியோத் தொகுப்பில் ஒட்டாமல் நிற்பதற்குப் பல நேரம் இதுவே காரணம். பழி மட்டும் கமராவின் தலையில் விழும்.

எனவே மணிக்கு ஒரு தரமாவது கண்ணாடியைப் பார்க்க வேண்டும். கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்தால் உப்பு தெரிந்துவிடும். உடனே சட்டை நுனியால் துடைப்பதுதான் கைப்பழக்கம், அதுதான் கெடுதல். உப்பு கண்ணாடியைவிட மென்மையானது, தானாகக் கீறாது. ஆனால் அதோடு ஒட்டியிருக்கும் மணலில் குவார்ட்ஸ் உண்டு. கண்ணாடியைவிட அது கடினம். முதலில் ஊதுபந்தால் மணலைப் போக்கி, பிறகு நல்ல தண்ணீரில் நனைத்த துணியை ஒற்றி உப்பைக் கரைத்து எடுத்து, கடைசியில்தான் துடைக்க வேண்டும். அந்த நல்ல தண்ணீருக்குக் கரையோரக் கிணற்றை நம்ப வேண்டாம். அதில் கரைந்திருப்பவை உலர்ந்ததும் புதிய கறையாக நிற்கும். வாகனப் பற்றரிக்கு ஊற்றுவதற்கென்று பெற்றோல் செட்டில் விற்கும் காய்ச்சி வடித்த தண்ணீர்ப் போத்தல் ஒன்று போதும், ஒரு முழுப் பருவத்துக்கும் வரும். வாங்கும்போது லேபலை வாசித்து வாங்குங்கள். பக்கத்துத் தட்டில் இருப்பது அசிட்.